நாற்பதடித் தண்ணீர்

பயிற்சி முகாம், மண்டபம்
27 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தீர்த்தகிரி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

இங்கே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், சனிக்கிழமை சாயந்திரம்தான் திரும்பத் தருவார்கள். கையில் இருந்தாலும் பயனில்லை, நெல்லிமரத்தூரில் டவர் கிடையாது. நீ பாறை மேல் ஏறி நின்றால்தான் பேச முடியும், அந்தக் காலோடு அது வேண்டாம். பள்ளிக்கூட விடுதியில் இருந்தபோது எழுதியது போல எழுதுகிறேன்.

தீயணைப்பு வேலையில் பத்து வருடமாகக் கிணற்றிலும் குட்டையிலும் இறங்கியிருக்கிறேன். இடுப்பில் கயிறு, நெஞ்சு நிறைய மூச்சு, அவ்வளவுதான் கருவி. இப்போது முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்க எங்கள் நிலையத்திலிருந்து என்னையும் ஒடுகத்தூர் பூவரசனையும் அனுப்பியிருக்கிறார்கள். சிலிண்டரைத் தாங்கும் ஜாக்கெட்டுக்குள் ஒரு பை உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் பையில் காற்று ஏறி ஆளைத் தூக்கும், இன்னொன்றை அழுத்தினால் காற்று போய் ஆள் இறங்குவான். இடுப்பு பெல்ட்டில் ஈயக்கட்டிகள். தூக்குவதும் இழுப்பதும் சமமானால் தண்ணீருக்கு நடுவில் ஏறாமல் இறங்காமல் நிற்கலாம். பூவரசன் மூன்றாம் நாளே நின்றுவிட்டான். நான் தக்கை மாதிரி மேலே வருகிறேன், இல்லாவிட்டால் தரையில் போய் உட்கார்கிறேன்.

பயிற்சியாளர் தசரதன் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் மூச்சை அடக்குவதுதான் கோளாறு என்கிறார். நெஞ்சில் நிற்கும் காற்றும் ஆளைத் தூக்குமாம். அடக்கியபடியே மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரல் கிழியும் என்று தினமும் சொல்கிறார். தெரிகிறது. ஆனால் தலை தண்ணீருக்குள் போனதும் தொண்டை தானாக அடைத்துக்கொள்கிறது.

புளி உலுக்க ஆள் கிடைத்ததா? தைலம் முடிந்திருந்தால் காவலூர் பஸ்ஸில் யாரிடமாவது சொல்லி வாங்கு.

உன் தம்பி,
தீர்த்தகிரி


நெல்லிமரத்தூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி தீர்த்தகிரிக்கு,

அக்கா பூங்கோதை எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் காலையில் மட்டும் மடக்க விடாது, அடுப்பு பற்றவைத்து நாலு நடை நடந்தால் சரியாகிவிடும். நீ வேளைக்குச் சாப்பிடு. கடல் மீன் உனக்குச் சேருமா என்று எழுது.

புளி உலுக்கியாகிவிட்டது. ஓடு தட்ட நான் ஒருத்திதான். உன் மாமா இருந்தபோது இந்த வேலைக்கு அவர் அம்மா, அத்தையும் வருவார். இப்போது நாலு வீடு தள்ளி அவர் புளியை அவர் தட்டுகிறார், என் புளியை நான் தட்டுகிறேன். சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும்.

நீ எழுதியதைத் தபால்காரர் மாதையனிடம் படித்துக் காட்டினேன். முதுகில் அவ்வளவு கட்டிக்கொண்டு இறங்குவதற்குப் பேசாமல் கயிறே மேல் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. கயிறு இருந்தால் மேலே ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்.

மழை இல்லை. பனி அதிகம். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் எனக்கு எப்போதும் போல வேலை.

பத்திரமாக இரு.

அக்கா,
பூங்கோதை


மண்டபம்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது கிடைத்தது. மீன் சேருகிறது. இரண்டு கிலோ கூடியிருக்கிறேன், அதனால் ஈயத்தில் ஒரு கட்டியைக் குறைத்தார்கள்.

போன வாரம் முதல் கடலில் இறங்குகிறோம். முப்பது அடி. இறங்க இறங்கக் காது வலிக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினால் டொப்பென்று திறந்துகொள்ளும். இப்போது கொஞ்சம் நிற்க வருகிறது. ஒரு மூச்சு இழுத்தால் உடம்பு ஒரு சாண் ஏறுகிறது, விட்டால் ஒரு சாண் இறங்குகிறது. இழுத்தவுடன் ஏறுவதில்லை, இரண்டு நொடி கழித்துத்தான். அந்த இரண்டு நொடிக்குப் பொறுமை வேண்டும் என்கிறார் தசரதன்.

நான்கு நாளாக எனக்கு ஓய்வு. சளி, லேசான காய்ச்சல். கவலைப்பட ஒன்றும் இல்லை. கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் நேரத்தைக் குறிக்கிறேன்.

நீ தனியாகவே எல்லாப் புளியையும் தட்டாதே. பனியில் வெளியே உட்காராதே.

தீர்த்தகிரி


நெல்லிமரத்தூர்
4 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் விட்டதா? சளியோடு தண்ணீரில் இறங்காதே என்று உன் அதிகாரியிடம் நானே எழுதட்டுமா? நான் நலம்.

பதினேழாம் தேதி உன் மாமாவுக்கு இரண்டாம் வருஷம். உனக்கு மறந்திருக்காது. ஒருநாள் விடுப்பு கிடைத்தால் வா. போன வருஷம் போலவே அத்தை அவர் வீட்டில் தனியாகப் படைப்பார். நான் போய் நின்றால் உள்ளே கூப்பிட மாட்டார், திரும்பிப் போகவும் சொல்ல மாட்டார். அதனால் போவதில்லை.

ஒரு விஷயம். உன்னைக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். அத்தை தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருக்கிறார், அன்றைக்குக் கல்குவாரியில் இறங்கினவன் அடி வரைக்கும் போகவே இல்லை, போயிருந்தால் முதல் நாளே என் பிள்ளை கிடைத்திருப்பான் என்று. மாதையன் வந்து சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. "எந்தம்பி அடி வரைக்கும் போனான். பொய் சொல்ற ஆள் கிடையாது"ன்னு சொல்லி அனுப்பினேன். தண்ணீர் கலங்கலாக இருந்ததா? அதனால்தான் தெரியாமல் போனதா? ஒரு வரி எழுதினால் போதும், நான் அதை அப்படியே சொல்லிவிடுவேன்.

வடகத்துக்கு வெயில் நன்றாக இருக்கிறது. உனக்கு எடுத்து வைக்கிறேன்.

அக்கா,
பூங்கோதை


மண்டபம்
12 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. விடுப்புக் கேட்டேன், கிடைக்கவில்லை. மாமாவுக்கு என் பெயரிலும் ஒரு சூடம் ஏற்று.

எங்கள் மாவட்டத்துக்கான புதுச் சாமான் வந்துவிட்டது. பழையதில் கை பழகிய நேரத்தில் எல்லாம் மாறிவிட்டது. இதுவரை அலுமினியச் சிலிண்டர், காற்று தீரத் தீர அது லேசாகி, கடைசியில் பின்பக்கத்தைத் தூக்கும். புதியது இரும்பு. காலியானாலும் கனம். அதனால் ஈயத்தில் மூன்று கட்டி குறைத்தாகிவிட்டது. ஜாக்கெட்டும் வேறு. பழையதில் பை நெஞ்சையும் விலாவையும் சுற்றி இருக்கும். இதில் முதுகில் மட்டும். தண்ணீருக்கு மேலே வந்து காற்று ஏற்றினால் முகம் குப்புறத் தள்ளுகிறது. கொஞ்சம் பின்னால் சாய்ந்து படுக்க வேண்டும். ஆனால் அடியில் மீன் மாதிரி கிடையாகக் கிடக்க வசதி. முதல் இரண்டு நாள் எல்லாருமே உப்புத்தண்ணீர் குடித்தோம்.

வேறு விசேஷம் இல்லை.

தீர்த்தகிரி


நெல்லிமரத்தூர்
20 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

படையல் முடிந்தது. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, அவருக்குப் பிடித்த கருவாடு. உன் சூடத்தையும் ஏற்றினேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. சாமான் பற்றி நிறைய எழுதியிருந்தாய். பரவாயில்லை. அந்த நாளை நினைக்க உனக்கும் கஷ்டம்தான்.

எனக்கு அந்த மூன்று நாள்தான் போக மாட்டேன் என்கிறது. அன்று காலையில் நாங்கள் சண்டை போட்டதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அவர் காப்பித் தோட்ட வேலைக்குக் குடகு போகிறேன் என்றார். நான் கூடாது என்றேன். புளியை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் சந்தைக்கு இறங்கினார். சாயந்திரம் குவாரிக் கரையில் அவர் செருப்பும் காலிச் சாக்கும் இருப்பதாக ஆள் வந்து சொன்னது. நீ இறங்கிப் பார்த்துவிட்டு இல்லை என்றாய். அப்படியே தரையில் உட்கார்ந்து கும்பிட்டேன். மறுநாள் யாரோ வாணியம்பாடி ரயிலடியில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதோடு எனக்குச் சந்தேகமே இல்லை. குடகுக்குத்தான் போய்விட்டார், நான் தேடட்டும் என்றே செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

அத்தை வீட்டு வாசலில் நின்று, ஊர் கேட்க, "ஒம்புள்ள ஓடிட்டாரு. இனி வந்தாலும் என் வூட்டுப் படி மிதிக்கக் கூடாது"ன்னு சொன்னேன். அதற்கு அவர், "எம்புள்ள செருப்ப வுட்டுட்டு எங்கயும் போவமாட்டான்" என்றார். அடுத்த நாள் காலையில் உன் மாமா குவாரியில் மிதந்தார்.

தண்ணீருக்குள் கிடந்தவரைத்தான் நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இதை யாரிடமும் எழுதினதில்லை. உன்னிடம் எழுதத் தோன்றியது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மண்டபம்
29 மார்ச் 2025

அக்காவுக்கு,

நீ எழுதியதை ஐந்து நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

அத்தை சொன்னதில் பாதி தவறு. நான் அடி வரைக்கும் போனேன். அன்று தண்ணீர் கலங்கலாக இல்லை.

முதல் தடவை இறங்கியபோது தரையைத் தடவிவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை வடக்குப் பக்கம் போனேன். அங்கே கல் வெட்டி எடுத்த இடத்தில் பாறை ஒரு பலகை போல நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அடியில் கையை விட்டேன். ஒரு கை பட்டது. பிடித்து இழுத்தேன், வரவில்லை. திரும்ப இழுத்தேன். அப்போது மூச்சு தீர்ந்துவிட்டது. கயிற்றை ஆட்டினேன், மேலே இழுத்தார்கள்.

கரையில் அதிகாரி, "இன்னாப்பா, ஆள் கீறாரா?" என்று கேட்டார். நான் "இல்லீங்க" என்றேன். "அடி வரைக்கும் பாத்தியா?" "பாத்தேங்க."

இருக்கிறார் என்று சொன்னால் திரும்ப இறங்க வேண்டும், அந்தக் கையைத் திரும்பப் பிடிக்க வேண்டும். என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவர் மதியத்துக்கு முன்பே போய்விட்டார் என்று டாக்டர் எழுதியதும், நான் இழுத்து வந்திருந்தாலும் உயிர் இருந்திருக்காது என்பதும் உண்மைதான். அதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை.

நீ உட்கார்ந்து கும்பிட்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணி நேரமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. நீ அத்தை வாசலில் பேசியது உன் கடிதம் வரும் வரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். நிச்சயமாகத் தெரியவில்லை.

பிப்ரவரியில் காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சல் இல்லை. கடலில் மங்கலான இடத்தில் பூவரசன் ஏதோ காட்டுவதற்காக என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் வாயில் காற்று தரும் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, இருபது அடியிலிருந்து ஒரே வீச்சில் மேலே வந்துவிட்டேன். வாயில் ரத்தம். தசரதன் என்னை ஐந்து நாள் தண்ணீரில் இறங்க விடவில்லை. "அங்க இன்னா பார்த்த?" என்று பூவரசன் கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். அதுவும் அந்த இல்லைதான்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

தீர்த்தகிரி


தீயணைப்பு நிலையக் குடியிருப்பு
27 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

பயிற்சி முடிந்து பதினைந்தாம் தேதி நிலையத்துக்குத் திரும்பிவிட்டேன். தேறிவிட்டேன். மலைக்கு வர பஸ் ஏறி, பாதியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

போன மாதம் எழுதியது உனக்குக் கிடைத்ததா என்று மட்டும் தெரிய வேண்டும். மாதையனிடம் சொல்லி அனுப்பினால் போதும். உடல்நலம் விசாரித்ததாகவே இதை வைத்துக்கொள்.

தீர்த்தகிரி


நெல்லிமரத்தூர்
18 மே 2025

தீர்த்தகிரிக்கு,

நீ எழுதிய இரண்டும் கிடைத்தன. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு இப்போது வரவில்லை.

முதலாவதை ரேஷன் கடையிலிருந்து திரும்பும் வழியில் படித்தேன். மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சமைத்தேன். பள்ளிக்கூடத்துக்கும் போனேன். ஒரு வாரம் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் அரிசி களையும்போது எல்லாம் சேர்ந்து வந்தது.

நீ பயந்தாய். அதைக் குறை சொல்ல மாட்டேன். செத்தவர் கையைத் தண்ணீருக்குள் பிடிக்க யாருக்கும் பயம் வரும், அதுவும் சொந்த மாமா கை. ஆனால் மேலே வந்த பிறகு இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தது. அப்போது நீ தரையில்தான் நின்றாய், மூச்சும் இருந்தது. அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம், வேறு ஆள் இறங்கியிருப்பான். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் அத்தை வாசலுக்குப் போயிருக்க மாட்டேன்.

நீ இல்லை என்று சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் மறுநாள் கோபமானது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பினதால்தான் அவ்வளவு தைரியமாகத் திட்டினேன். இது உனக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னைத் தண்டிக்க அல்ல.

அந்தக் குவாரி நாற்பது அடி, இப்போது உனக்குத் தண்ணீருக்கு அடியில் மூச்சுவிடத் தெரியும் என்கிறாய். அப்படியானால் அங்கே திரும்ப இறங்கு. அந்தப் பலகைப் பாறையைப் பார். அவர் எப்படிக் கிடந்தார், எதில் சிக்கினார், அங்கே என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்து எழுது. ஒன்றையும் விடாதே, எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதையும் சேர்க்காதே. நான் அங்கே வர மாட்டேன். அந்தக் கரையை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது.

பூங்கோதை


தீயணைப்பு நிலையக் குடியிருப்பு
22 ஜூன் 2025

அக்காவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

புதுச் சாமானை நல்ல தண்ணீரில் பழக்கிப் பார்க்க ஆழமான இடம் வேண்டும் என்று அதிகாரி தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குவாரியை நான் சொன்னேன். ஏன் அது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரையில் நின்று என்னைக் கேட்டவர் அவர்தான். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "எழுதிக் குடு. மேல அனுப்பணும். விசாரணை வரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் இறங்கலாமா என்று கேட்டேன். பூவரசன் கூட வந்தால் இறங்கு என்றார்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு இறங்கினோம். கடலில் தூக்குவது போல நல்ல தண்ணீர் ஆளைத் தூக்காது என்று தெரியும், ஆனாலும் கட்டியைக் குறைத்தது போதவில்லை. முதலில் விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். பையில் காற்று ஏற்றி நிறுத்தி, மேலே வந்து, இன்னும் இரண்டு கட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி போனோம். இப்போது சரியாக இருந்தது.

பதினைந்து அடி வரைக்கும் பச்சையாக இருக்கிறது. அதற்குக் கீழே தெளிவு. குவாரிச் சுவர் படி படியாக வெட்டப்பட்டு இறங்குகிறது, வெடிமருந்து வைக்கத் துளைத்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன. தரையில் லாரி டயர் ஒன்று, துருப்பிடித்த இரும்பு ஏணி, நிறைய கல் சில்லு. ஜிலேபி மீன்கள் உண்டு.

பலகைப் பாறை வடக்குச் சுவரில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருக்கிறது. நீளம் ஒரு கட்டில் அளவு. அதற்கு அடியில் ஆள் நுழையும் அளவு இடம். உள்ளே போகப் போகக் குறுகுகிறது. கல் தூக்கும் கம்பி வடம் ஒன்று அங்கே சுருண்டு கிடக்கிறது. நான் தரையைத் தொடாமல் அதன் எதிரே கிடையாக நின்றேன். மூச்சு இழுத்தபோது கொஞ்சம் ஏறினேன், விட்டபோது இறங்கினேன். அடக்கவில்லை. பூவரசன் பக்கத்தில் விளக்கைப் பிடித்தான்.

அன்று எனக்குக் கிடைத்தது வலது கை. அது பாறைக்கு அடியில் விளிம்பை ஒட்டி இருந்தது. உடம்பு உள்ளே. இழுத்தபோது வராததற்கு வடம் காரணமா, பாறைக் குறுகலா என்று இப்போது பார்த்தும் சொல்ல முடியவில்லை. ஒருவர் நீந்தித் தானாக அதற்குள் போக மாட்டார். மேலே வடக்குக் கரையில்தான் செருப்பு இருந்தது. அங்கே பாசி பிடித்த சரிவு ஒன்று நேராக இந்தச் சுவருக்கு இறங்குகிறது. கால் கழுவ இறங்கி வழுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். இது நான் நினைப்பதுதான், பார்த்ததல்ல. அவருடைய பொருள் எதுவும் அங்கே இல்லை. தரை முழுக்கக் கையால் தேடினேன்.

பாறைக்கு அடியில் கையை விட்டேன். ஒன்றும் இல்லை. இந்தத் தடவை உண்மையாகவே இல்லை.

முப்பத்தெட்டு நிமிடம் இருந்தோம். மேலே வந்ததும் பழக்கத்தில் நிறையக் காற்றை ஏற்றிவிட்டேன், முகம் குப்புற விழுந்து பூவரசன் திருப்பிவிட்டான். கரையில் அதிகாரி என்ன பார்த்தாய் என்று கேட்டார். மேலே எழுதியதை அப்படியே சொன்னேன். நின்றபடியே குறித்துக்கொண்டார்.

மலைக்கு வரவா, வேண்டாமா என்று நீ சொல்.

தம்பி,
தீர்த்தகிரி


நெல்லிமரத்தூர்
6 ஜூலை 2025

தம்பிக்கு,

நான் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

குவாரி பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். பிறகு மார்ச்சில் எழுதியதையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. விதைச் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். அவர் கூப்பிடவில்லை, நானே உள்ளே போய் உட்கார்ந்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டையும் வாய்விட்டுப் படித்தேன். நீ பொய் சொன்ன இடத்தையும் விடவில்லை. உனக்காக எதையும் மாற்றவில்லை.

முதல் கடிதம் முடியும் வரை முறம் ஆடிக்கொண்டே இருந்தது. பாறைக்கு எதிரே நீ நின்றாய் என்று படித்தபோது நிறுத்தினார். நான் அவர் வாசலில் அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். முறத்தில் கிடந்த கல்லைப் பொறுக்கிப் போட்டார். பிறகு, "அவ்ளோ ஆழத்துல குளுருமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அவனக் கேட்டு எழுதச் சொல்லு. எம்புள்ள கொயந்தையில இருந்தே குளிர் தாங்கமாட்டான். மார்கழியில ரெண்டு போர்வை கேப்பான்."

நான் எழுந்தபோது ஒரு படி விதைச் சாமையை என் முந்தானையில் கொட்டினார்.

அவர் கேட்டதற்குப் பதில் எழுது. ஆறுதலுக்காக எதையும் எழுதாதே என்று நான் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

அக்கா,
பூங்கோதை


தீயணைப்பு நிலையக் குடியிருப்பு
14 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கும் அத்தைக்கும்,

தீர்த்தகிரி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். விசாரணை முடியும் வரை நான் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. பூவரசன் இறங்குகிறான், நான் கரையில் இருந்து சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கிறேன். அத்தைக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா?

அத்தை கேட்டதற்கு. போன மாதம் நான் இறங்கியபோது உடம்பு முழுக்க ரப்பர் உடுப்பு இருந்தது, அதை வைத்துச் சொல்ல முடியாது. மாமாவைத் தேடி வெறும் உடம்போடு இறங்கிய நாளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அன்று பகலெல்லாம் நல்ல வெயில். மேலே இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டது போலக் குளிர் ஆரம்பித்தது. அடியில் நன்றாகவே குளிர்ந்தது. பற்கள் தானாக ஆடின. மாமாவின் கையும் தண்ணீரும் ஒரே குளிர்ச்சியாக இருந்தன. அதனால்தான் நான் பிடித்திருப்பது கை என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

அவருக்கு அது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அத்தை நேரில் கேட்டால் நேரிலும் இதையே சொல்கிறேன்.

தம்பி,
தீர்த்தகிரி